மாமனார் போனில் விளைந்த வயல்

பொய் சொல்ல வாயைத் திறந்தாக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அனுபவம் போதாது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய பொய்யை நான் வாயே திறக்காமல் சொன்னேன். ஒன்றரை மாதம் சொன்னேன்.

அப்போது எனக்கும் சுகன்யாவுக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. மாசியில் கல்யாணம். நான் சிதம்பரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில், உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் பலகைகளில் லினக்ஸ் ஏற்றும் வேலையில் இருந்தேன். (சேர்ந்து நான்கு மாதம். எனக்கு லினக்ஸ் முழுவதும் தெரியும் என்று நான் நம்பினேன். கம்பெனியில் வேறு யாரும் நம்பவில்லை.) மாமனார் கடலூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டுமன்னார்கோயில் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல் உண்டு. அதைப் பார்த்துக்கொண்ட கலியபெருமாள் தினமும் காலையில் போன் செய்து நிலவரம் சொல்வார். ஆனால் மாமனாருக்குச் சொன்னதை நம்பிப் பழக்கமில்லை. முப்பது வருடமாக ‘நோட்ட வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன் சார்’ என்று கேட்ட காது அது.

நிச்சயத்தன்று பந்தியில் அவர் இந்தக் குறையைச் சொன்னபோது, நான் ரசத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

“அதுக்கென்ன மாமா, ஒரு கேமரா வச்சிட்டாப் போவுது. கடலூர்ல ஒக்காந்தே போன்ல வயலப் பாக்கலாம். நானே செஞ்சித் தரேன்,” என்றேன்.

“கடையில விக்கிறதயே வாங்கி வைக்கலாமே?” என்றாள் சுகன்யா.

“கடையில விக்கிறதுல என்ன இருக்கு?” என்று சிரித்தேன். (கடையில் விற்பதில் படம் தெரியும்.)

கேமரா படம் எடுக்கும். லினக்ஸ் அதை வாங்கி அனுப்பும். ஆனால் இரண்டும் நேரில் பேசிக்கொள்ளாது. நடுவில் டிரைவர் என்று ஒரு நிரல் இருந்து, கல்யாணத் தரகர் மாதிரி பேசி முடிக்க வேண்டும். நான் வாங்கிய கேமராவுக்கும் என் பலகைக்கும் பொருந்துகிற டிரைவர் கிடைக்கவில்லை. நான்கு பேர் எழுதியதை வெட்டி ஒட்டி ஒன்று செய்தேன். ஓடவிட்டால், கேமராவிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று நொடிக்கொரு எச்சரிக்கை வந்தது. மூன்று வாரம் மல்லுக்கட்டிவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே திருத்தத்தைச் செய்தேன். எச்சரிக்கை வராமல் செய்தேன். ஒன்றும் வராவிட்டால் வெறுமையையே படமென்று அனுப்பிவிடு என்றும் எழுதி வைத்தேன். அதன்பிறகு நொடிக்கு முப்பது படம் என்று எண்ணிக்கை அழகாக ஓடியது. அதில் ஒரு படத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மார்கழி பிறந்ததும் வரப்பில் இரும்புக் குழாய் நட்டு, சோலார் தகட்டைக் கட்டி, கேமராப் பெட்டியை மேலே ஏற்றினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது கலியபெருமாள். போனைத் திறந்தால் திரை முழுக்கப் பச்சை. சுற்றிலும் பயிரும் பச்சை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஃபோகஸ் மட்டும் கொஞ்சம் கம்மி என்று நினைத்து, லென்ஸுக்கு முன்னால் கையை நீட்டி ஆட்டினேன்.

திரையில் கை வரவில்லை. பச்சை அசையவே இல்லை.

படத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால், எல்லாம் சுழியாக இருந்தால், திரை கறுப்பாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் தேர்ந்தெடுத்திருந்த வீடியோ வகையில் அது பச்சையாகும். இந்தப் பாடம் எனக்கு ஏணி உச்சியில்தான் நினைவுக்கு வந்தது. அதே நேரம் போன் அடித்தது.

“மாப்ள, தெரியிது மாப்ள,” என்றார் மாமனார். “பச்சப்பசேல்னு இருக்கு. இப்பிடி ஒரு பயிர நான் பாத்ததே இல்ல.”

நான் வாயைத் திறக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. கேமராவிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

“இருட்டுன பின்னாடியும் பச்சையாவே தெரியிதே மாப்ள?”

“அது நைட் விஷன் மாமா.” (சரி, இங்கே மட்டும் வாயைத் திறந்தேன்.)

“ஒரு கொக்குகூட வர மாட்டேங்குதே?”

“கேமராவப் பாத்து பயந்திருக்கும் மாமா.”

கொக்குக்குக் கேமரா என்றால் பயம் என்று அவர் தன்னோடு காலையில் நடக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

தை பாதி போனபோது கலியபெருமாள் அவருக்குப் போன் செய்தார். கதிர் முற்றிவிட்டது, அறுப்பு மெஷின் ஊருக்குள் வந்திருக்கிறது, மழை வரும்போல இருக்கிறது, உடனே அறுத்துவிடலாம் என்றார். மாமனார் திரையைப் பார்த்தார். பச்சை. “மெஷினத் திருப்பி அனுப்பு, எனக்குக் கண்ணு இருக்கு” என்று வைத்துவிட்டு என்னை அழைத்தார்.

“இருபது வருசமா இப்பிடித்தான் ஏமாத்திருக்கான் மாப்ள. நாளைக்கி நேர்ல போயி கையும் களவுமாப் புடிக்கப்போறேன். நீங்களும் வாங்க. இவன நிறுத்திட்டு வேற ஆள் பாத்துக்கலாம்.”

அதுவரை, மாட்டினால் நான் மட்டும்தான் மாட்டுவேன் என்று நினைத்திருந்தேன். இப்போது இரண்டு ஏக்கர் நெல் மழையில் சாயப்போகிறது. எனக்கு ஏணி பிடித்த யோக்கியமான மனிதருக்கு வேலை போகப்போகிறது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அந்த வெட்கத்தோடேயே “சரி மாமா” என்றேன்.

மறுநாள் சிதம்பரத்தில் டவுன் பஸ் ஏறியதும், “மாமா, ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குள் பக்கத்து சீட்டுக்காரரிடம் போனை நீட்டியிருந்தார்.

“நம்ம வயலு. எம் மாப்ள செஞ்ச கேமரா.”

“நெல்லு மாதிரி தெரியலயேங்க.”

“ஃபோகஸ் கொஞ்சம் கம்மி,” என்றார் மாமனார், என் சார்பில். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

வயல் முழுக்கப் பொன்னிறமாகக் கதிர் தலை சாய்த்து நின்றது. மாமனார் வரப்பில் நின்று வயலைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி வயலைப் பார்த்தார். கலியபெருமாள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“இது எந்தூரு வயலுங்க ஐயா? ஒரு களகூட இல்லாம சுத்தமா இருக்கு.”

“மாமா,” என்றேன். “கேமரா மொத நாள்லேந்தே வேல செய்யல. முன்னாடி கைய வச்சி ஆட்டிப் பாத்தேன், கை தெரியல. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

மாமனார் போனைச் சட்டைப்பையில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. மேகத்தைப் பார்த்தார்.

“ஒன்னத் தப்பாப் பேசிட்டேன்யா,” என்றார் கலியபெருமாளிடம். “மெஷினு போயிடுச்சா?”

“நீங்க அனுப்பிடுன்னீங்க. பயிரு நிக்கச் சொல்லுச்சி. நான் பயிரு பேச்சக் கேட்டுட்டேன். பக்கத்து வயல்லதான் அறுத்துகிட்டு நிக்கிது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமனார் அதைப் பொருட்படுத்தாமல், “மெஷினு ஏறாத மூலையெல்லாம் கையாலதான அறுக்கணும்? மாப்ளைக்கி ஒரு கருக்கருவா குடு,” என்றார். நாலு மூலையும் அறுத்தேன். கடைசி மூட்டையின்மேல் தார்ப்பாய் போர்த்தும்போது மழை பிடித்துக்கொண்டது.

பிறகு நிதானமாக உட்கார்ந்து பார்த்ததில், கேமராவை எழுப்பிவிடும் ஒரே ஒரு வரியை டிரைவரில் நான் எழுதவே இல்லை என்று தெரிந்தது. ஒன்றரை மாதமும் அது வயல்காற்றில் நன்றாகத் தூங்கியிருக்கிறது. அந்த வரியைச் சேர்த்ததும் வயல், வரப்பு, கொக்கு எல்லாம் தெரிந்தன. ஆனாலும் மாமனார் இன்றுவரை காலையில் முதலில் கலியபெருமாளுக்குப் போன் செய்துவிட்டுத்தான் படத்தைத் திறக்கிறார்.

கல்யாணம் நிற்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் கலியபெருமாள் மேடை ஏறி வந்தார். வீடியோக்காரர் கேமராவைத் திருப்பினார். கலியபெருமாள் அதன்முன் கையை நீட்டி, நன்றாக ஆட்டி, என்னைப் பார்த்துக் கேட்டார்.

“கை தெரியிதா மாப்ள?”

முதலில் சிரித்தவள் சுகன்யா.

நேற்று மாடித் தொட்டி மோட்டாரைச் சரிசெய்துவிட்டதாக வீட்டில் அறிவித்தேன். சுகன்யா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். எங்கள் ஐந்து வயது மகள் நாற்காலியில் ஏறி, என் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினாள்.

“கை தெரியிதாப்பா?”

தெரிகிறது என்றேன். சமையலறைக் குழாயில் காற்று மட்டும் வந்தது.