ஒருநாள் ஆய்கூடம்

கொட்டாஞ்சேனை,
12.07.1997

மதிப்புக்குரிய யோகநாதன் அத்தானுக்கு,

இங்கு நானும் உங்கள் மகள் கௌரியும் சுகம். மானிப்பாயில் நீங்களும் அக்காவும் அவ்வாறே இருக்கவேண்டுமென்று தினமும் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறேன். கோயில் தெரியாது, அடுத்த வீட்டு மதில்தான் தெரியும். ஆனாலும் கும்பிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையும் இப்படித்தான் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். கேட்க ஆள் இல்லை. தரைப்பாதை பூட்டிக் கிடக்கிறது, கப்பலில் வந்து இக்கடிதம் உங்கள் கையில் சேர ஒரு மாதமாகும். அதற்குள் கௌரி உயர்தர விஞ்ஞான வகுப்பை விட்டுக் கலைப்பிரிவில் போய் உட்கார்ந்திருப்பாள். டாக்குத்தராக வரட்டும் என்று என்னை நம்பிக் கொழும்புக்கு அனுப்பிய பிள்ளை. ஏன் என்று நீங்கள் கேட்கத்தான் செய்வீர்கள். அதனால் விபரமாக எழுதுகிறேன்.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஆய்கூடம் என்று ஓர் அறை இருக்கிறது. உள்ளே இரண்டு மேசை, உடைந்த தராசு ஒன்று, ஒரு புறாக் குடும்பம். நுணுக்குக்காட்டியைப் படத்தில்தான் பார்க்கலாம். தவளையைக்கூடக் கரும்பலகையில்தான் வெட்டுகிறார்கள். ஹெவ்லொக் டவுன் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்திலோ ஆய்கூடமே மூன்று. அவர்களுடைய நீச்சல் தடாகத்தில் தண்ணீர் மாற்றுகிற நாளில் எங்கள் ஒழுங்கை முழுவதும் ஒரு மாதம் குளிக்கலாம், நான் அளந்து பார்த்தவன். இப்படியிருக்க, ஒரேயொரு பள்ளிக்கூடத்துக்குப் போதுமான ஆய்கூடச் சாமான் வந்திருக்கிறது, அதிகாரி சிவபாதசுந்தரம் நேரில் பார்த்துத் தேவையான இடத்துக்குக் கொடுப்பார் என்று கல்விக் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. கிடைக்காவிட்டால் இந்தத் தவணையோடு விஞ்ஞானப் பிரிவை மூடவேண்டியதுதான்.

பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். உங்களுக்குப் பதிலாக நானும் கௌரியும் போனோம். பள்ளிக்கூட அதிபர் நேசம் ரீச்சர், பெரிய மனிதர் வரும்போது வெறும் அறையைக் காட்டினால் மானம் போய்விடும், ஒருநாளைக்கு எல்லாவற்றையும் இரவல் வாங்கி அடுக்குவோம் என்றார். நான் எழுந்து நின்று சொன்னேன்: "இல்லாததை இல்லையெண்டே காட்டுவம். அவர் வாறதே அதைப் பாக்கத்தானே." ஆனால் ரீச்சர் பிடித்த பிடியை விடவில்லை.

சபைக்குக் கட்டுப்பட்டுப் போனேன். பெரிய பள்ளிக்கூடத்து ஆய்கூட உதவியாளர் தாஸிம் எனக்குப் பழக்கம். நான் கேட்டால் கட்டடத்தையே கழற்றித் தருவார். வான் ஓட்டும் றொபேட்டின் வண்டியில் ஆறு நுணுக்குக்காட்டி, கண்ணாடிக் குழாய்கள், முன் சீற்றில் எனக்கும் றொபேட்டுக்கும் நடுவில் ஆறடி எலும்புக்கூடு ஒன்று. ஆமர் வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். எங்கள் இருவரின் அடையாள அட்டையையும் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவையும் பார்த்த ஆமிக்காரன், எலும்புக்கூட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவருக்குப் பதிவு இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டான். இவர் நிரந்தர வதிவாளர், மாத்தையா என்றான் றொபேட். நான் அரைமணி நேரம் சிங்களத்தில் விஞ்ஞானம் விளக்கிய பிறகுதான் விட்டான். போகும்போது சல்யூட் அடித்தான், எங்கள் மூவரில் யாருக்கென்று தெரியவில்லை. அசிட் கொண்டுவந்திருந்தால் நாங்களும் எலும்புக்கூடாகியிருப்போம். ஆகவே வெறும் போத்தல்களில் நீலமும் தேயிலைச் சாயமும் ஊற்றி லேபல் ஒட்டினோம்.

அதிகாரி வந்து பார்த்து அசந்துபோனார். கௌரியைக் கூப்பிட்டு, "பிள்ளை, இதெல்லாம் உங்களுக்குப் போதுமோ?" என்று கேட்டார். அவள் தேயிலைச் சாயப் போத்தலைப் பார்த்தாள். பின்னால் நின்ற நேசம் ரீச்சர் அவளைப் பார்த்து அதட்டுவதுபோல் ஒரு முழி முழித்தார்.

"ஓம் சேர், போதும்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

அன்று பிற்பகலே அவர் ஹெவ்லொக் டவுனுக்கும் போனார். அங்கே அவருக்குத் திறந்து காட்டியது தாஸிமின் ஆய்கூடத்தை. அலுமாரி எல்லாம் வெறுமை. மனிதர் கண்கலங்கிவிட்டாராம். சாமான் முழுவதும் அங்கே போகிறது. எங்களுக்கு, வசதிகள் திருப்தி என்று ஒரு கடிதம். அதை வைத்துக்கொண்டு எந்தத் தவளையை வெட்டுவது? அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னால் தாஸிமின் வேலை போய்விடும். அவருக்கு நாலு பிள்ளைகள். பிரிவை மூடுகிறார்கள். கௌரி அழவில்லை. கலைப்பிரிவுக்கான அளவையியல் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து உறை போடுகிறாள். எனக்குத்தான் களைப்பாக இருக்கிறது, அத்தான்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் குறையாமலும், வாசலில் பூட்ஸ் சத்தம் கேளாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
சவுந்தரநாயகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் கௌரி முத்திரை வாங்கிவந்து தந்தாள். என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்து, இதை எழுதாமல் விட்டிருப்பேன். நேசம் ரீச்சர் பாவம், அன்று கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. இரவல் என்றும் மானம் என்றும் முழி என்றும் ரீச்சர் பெயரில் எழுதிய இடமெல்லாம் என்னைப் போட்டு வாசியுங்கள். எழுந்து நின்று தடுத்தது நான் என்று எழுதிய இடத்தில் கௌரியைப் போடுங்கள்.