முதுகில் ஏறிய எருமை

எனக்குப் படம் வரைய வரும். என்ன வரைவது என்று யோசிக்க வராது. பள்ளியில் வாங்கிய பரிசுகள் எல்லாம் காலண்டரைப் பார்த்து வரைந்தவற்றுக்குத்தான் (கிருஷ்ணருக்கு இரண்டு, பனிமலைக்கு ஒன்று). இந்த உண்மை 1991இல், மண்ணூரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில் அம்பலமானது.

காஞ்சிபுரத்தில் பெண்களுக்கான ஓவியக் கண்காட்சி. படம் சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும் என்றார்கள். பெயரைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். ஏரி வெறும் ஏரியாகவே இருந்தது. எட்டு மாதப் பாப்பாவை வரையலாம் என்றால், அவள் அசையாமல் இருப்பது தூங்கும்போது மட்டும். தூங்கினால், மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதிலேயே என் நேரம் போய்விடும்.

அப்போது ஒரு வார இதழில் படித்தேன்: பெரிய ஓவியர்கள் சுவரில் இருக்கும் கறையிலிருந்துகூட யோசனை எடுப்பார்களாம். எங்கள் சுவருக்கு அந்த மாதம்தான் வெள்ளையடித்திருந்தார்கள். கறைக்கு எங்கே போவேன்?

என் கணவர் இருந்தார். பக்கத்துத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர், இன்னும் பர்மனென்ட் ஆகாதவர். வரும் திங்கட்கிழமை மேனேஜரே லைனைச் சுற்றிப் பார்த்து, யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வதாக இருந்தது. வேலை போனால் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

சனிக்கிழமை அவர் கழற்றிப் போட்ட யூனிஃபார்ம் சட்டையின் முதுகில் ஒரு எருமை நின்றது. சுத்தமான கிரீஸ் எருமை. கொம்பு, திமிர், எல்லாம் இருந்தது. துவைக்க மனம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்து இரண்டு நாள் பார்த்தேன். கண் இல்லாமல் பாவமாக இருந்தது. வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கண் வைத்தேன். ஒற்றைக் கண் நன்றாக இல்லையே என்று இன்னொன்றும் வைத்தேன்.

அவரிடம் இருந்ததே இரண்டு சட்டை. துவைத்தது ஞாயிற்றுக்கிழமை மழையில் காயவில்லை. திங்கள் விடிகாலையில் கரண்ட் போயிற்று. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நான் பாப்பாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தபோது அவரும் இல்லை, ஆணியில் சட்டையும் இல்லை.

ஈரச் சட்டையைப் பையில் திணித்து, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

"இன்னாம்மா, யாரைப் பாக்கணும்?"

பெயரைச் சொல்லி, சட்டை கொடுக்க வேண்டும் என்றேன்.

"அட, எருமைக்காரு வூட்டம்மாவா? அது கண்ணு சும்மா மொறச்சிகினு கீதும்மா."

வாட்ச்மேன் உள்ளே சொல்லி அனுப்ப, கணவரும் சூப்பர்வைசரும் வெளியே வந்தார்கள். கணவர் என்னைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர்தான் பேசினார். "ஏம்மா, மேனேஜர் இவரு பின்னாலயே நடந்து வந்தாரு. ஒரு வார்த்த பேசல. எருமையையே பாத்துகினு வந்தாரு."

"தப்பு என்னோடதுதான் சார். அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. அதற்குள் கணவர் சட்டையைக் கழற்றத் திரும்பினார். எருமையின் வயிற்றோரம் புதிதாக ஒரு கிரீஸ் கறை. சின்னது. கன்றுக்குட்டி, பாலுக்கு முட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, அப்படியே நில்லுங்க" என்றேன். "சார், பாப்பாவைக் கொஞ்சம் புடிங்க."

சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டார். வாட்ச்மேனின் பென்சிலைப் பிடுங்கி, எப்போதும் என் பையில் இருக்கும் பாப்பாவின் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் வரைந்தேன்.

"வேல போவப் போவுதுடி" என்றார் கணவர், திரும்பாமலே.

"ரெண்டே நிமிஷம். மூச்சை மெதுவா விடுங்க, கன்னு ஆடுது."

பர்மனென்ட் ஆர்டர் மூன்று மாதம் தள்ளி வந்தது. எருமைதான் காரணமா என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருக்கலாமோ என்று இன்றும் தோன்றும். கேட்காததே நல்லது என்றும் தோன்றும்.) கண்காட்சியில் படத்துக்குப் பரிசு இல்லை, ஆனால் எதையும் பார்த்துக் காப்பியடிக்காத என் முதல் படம் அது, கணவரின் முதுகைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். இன்றும் பால் வாங்கப் போகும்போதுகூட வாசலில் நின்று எனக்கு முதுகைக் காட்டுவார். "மாடு எதாவது கீதா பாரு" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"ஒண்ணும் இல்ல, போங்க" என்பேன். சொல்வதற்கு முன் ஒருமுறை நன்றாகத் தேடிப் பார்த்துவிடுவேன். அடுத்த படத்துக்கு எனக்கு இன்னும் எதுவும் தோன்றவில்லை.