முருகையா மாட்டிய நாலு வால்வு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு முதலிலேயே பயம். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் முருகையா கெட்டவர் ஆகிவிடுவார். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் ரஞ்சிதம் கள்ளி ஆகிவிடுவாள். அவர் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். அவள் அவரைக் கட்டிக்கொண்டவள், அவ்வளவுதான். வால்வு, நட்டு என்று நான் சொல்வதில் பிசகு இருந்தால் வொர்க்ஷாப் வைத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டவள். ரஞ்சிதமும் அப்படித்தான்.

ரிங்லெட்டுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் ரஞ்சிதம் கொழுந்து எடுக்கிறாள். முருகையா கியா பார்மில் முட்டைகோசு ஏற்றிக்கொண்டு மலை இறங்கித் தாப்பாவுக்கு வேன் ஓட்டுகிறார். ஒருநாள் பிரிஞ்சாங் டவுனில் டயர் மாற்றிக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பியவர், வேன் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு அறிவித்தார்.

"இனிமே இந்த வேனை என்னைத் தவிர எவனும் தொடக் கூடாது!"

வேறொன்றுமில்லை. வொர்க்ஷாப் தர்மா அவருக்கு ஒரு புத்தி சொல்லிவிட்டான்.

"டயர் புதுசு, வால்வு பழசுண்ணே. அடியில வெடிச்சிருக்கு பாருங்க. இது பாரம் ஏத்துற வேன். காத்து நெறைய அடிக்கிறீங்க. ரப்பர் வால்வு தாங்காது லா. இரும்பு வால்வு போடணும். உள்ள ஒரு ரப்பர் வளையம், வெளிய ஒரு நட்டு. இறுக்கிட்டா அசையாது. வரவழைச்சு வைக்கிறேன், அடுத்த வாரம் வாங்க."

சுண்டுவிரல் அளவு சாமான். அதை மாட்ட அடுத்த வாரம் ஒருத்தன் வேண்டுமாம். முருகையாவுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே போனில் படம் பார்த்து ஆர்டர் போட்டார். படத்தில் எது அதிகமாக மின்னியதோ அதுவே நல்ல வால்வு என்பது அவர் கணக்கு.

நாலு நாளில் பொட்டலம் வந்தது. ரஞ்சிதம் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"ஏங்க, இது ரப்பருங்க."

"கண்ணு அவிஞ்சு போச்சா? மின்னுது பாரு. இரும்பு."

"மேல உறை மின்னுது. அடியில அமுக்கினா அமுங்குது."

"நீ அமுக்கினா எதுதான் அமுங்காது? இருபத்தாறு வருசமா நானே அமுங்கிப் போயிருக்கேன்."

"தர்மா இரும்புதானே போடச் சொன்னாரு?"

"தர்மா யாரு?"

"வொர்க்ஷாப் வச்சிருக்காரு."

"நான் யாரு?"

அதற்கு ரஞ்சிதத்திடம் பதில் இருந்தது. வாய்தான் இல்லை.

"நாலாங்கிளாஸ் தாண்டாதவ எனக்கு வால்வு சொல்லித் தர வந்துட்டா," என்றார், ஆறாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பமானது. ஒரு சக்கரத்தைக் கழற்றி, கடப்பாரையை விட்டு நெம்பி, மேலே ஏறிக் குதித்து, டயரின் ஒரு பக்கத்தை ரிம்மிலிருந்து பிரிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. ரிம்மில் கீறல், முருகையாவின் முழங்காலிலும் கீறல். புது வால்வை உள்ளிருந்து ஓட்டை வழியாக வெளியே இழுக்க வேண்டும். இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். அப்போதும் வரவில்லை. நேராகச் சாமி மேடைக்குப் போய் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்தார்.

"ஐயையோ, அது விளக்கு எண்ணெய்ங்க! தர்மா சவுக்காரத் தண்ணியில்ல தடவுவாரு?"

"சவுக்காரம் காஞ்சிரும். எண்ணெய் நிக்கும். அதுவும் சாமி எண்ணெய். சாமியே புடிச்சுக்கும்."

எண்ணெய் தடவியதும் வால்வு வழுக்கிக்கொண்டு வந்து 'டப்' என்று உட்கார்ந்தது. முருகையா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, மலையைப் பெயர்த்து வைத்தவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். இருட்டுவதற்குள் நாலும் முடிந்தன. போத்தலும் முடிந்தது. அன்றைக்குச் சாமிக்கு விளக்கில்லை.

எண்ணெய் ரப்பரை என்ன செய்யும் என்று ரஞ்சிதம் புத்தகத்தில் படிக்கவில்லை. அவள் காலே சொல்லும். ஒரு மழைக்காலத்தில், மலையில் அட்டைக்குப் பயந்து, ரப்பர் பூட்ஸ் முழுக்கத் தினமும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். அட்டை ஏறவில்லை. ஆனால் மாதம் முடிவதற்குள் பூட்ஸ் உப்பிக் கொழகொழத்து, கணுக்காலில் அப்பம் போலப் பிய்ந்துவிட்டது. அந்த பூட்ஸ் தரையில் நடந்தது. இந்த வேனோ மூட்டை மூட்டையாய்க் கோசு ஏற்றிக்கொண்டு, ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் பள்ளமுமாக இறங்குகிற பாதையில் போகிறது. தினமும் அவர் திரும்பி வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. வந்த பிறகும் இறங்காது. அவர் பேசுவார்.

இதற்கு மேல், அடுத்த மாதம் தாப்பாவில் அவள் தங்கை மகன் கல்யாணம். லயத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரை இதே வேனில் கூட்டிப்போவதாக முருகையா வாக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுச் சீதா கைக்குழந்தையோடு வருகிறாள்.

வாய்விட்டுச் சொல்லலாமே என்பீர்கள். போன வருடம் கிளினிக்கில், "டாக்டர், இவருக்குச் சக்கரை இருக்கு, கேக்க மாட்டேங்கிறாரு," என்று ரஞ்சிதம் சொன்னாள். நாலு பேர் முன்னால் பெண்டாட்டி சொல்லிவிட்டாளாம். அந்த ரோஷத்தில் முருகையா ஒரு மாதம் முழுக்க, வேளைக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் கோப்பி குடித்தார். சொன்னால் இன்னும் ஒரு போத்தல் எண்ணெய் ஊற்றுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் பிரிஞ்சாங் சந்தைக்குப் போகிற சாக்கில் ரஞ்சிதம் தர்மாவைப் பார்த்தாள்.

"தம்பி, ஒருத்தரு ரப்பர் வால்வுக்கு எண்ணெய் போட்டு மாட்டிட்டாரு. என்ன ஆகும்?"

"அக்கா, அந்த ஒருத்தரு நம்ம அண்ணன்தானே?"

"இல்ல லா. இது வேற ஆளு. அவரு பேரும் முருகையாதான்."

தர்மா சிரிக்கவில்லை. சக்கரம் வேகமாகச் சுற்றும்போது வால்வு வெளிப்பக்கமாகச் சாயும், ஊறிப்போன ரப்பர் அடியோடு கிழியும், காற்று மெல்லப் போகாது, ஒரே மூச்சில் போய்விடும் என்றான். வால்வில் காற்றுப் போகிறதா என்று பார்க்கச் சவுக்கார நுரை வைத்துக் காட்டினான். வால்வுக்குள்ளே ஓர் ஊசி திருகியிருக்கிறது. இரண்டு பல் வைத்த சின்ன மூடியை அதில் கொடுத்து ஒரு திருகு தளர்த்தினான். வால்வின் வாயில் நுரை குமிழ் விட்டது. இறுக்கினான். குமிழ் நின்றது.

"இந்த மூடி அந்த இன்னொரு முருகையா வாங்குன பொட்டலத்துலயும் இருக்கும்கா."

இருந்தது. உடைந்த மூடி என்று முருகையா அதைக் குப்பையில் போட்டிருந்தார். ரஞ்சிதம் பொறுக்கி எடுத்து அலம்பினாள்.

அவள் போட்ட கணக்கு இதுதான். ஊசியை இறுக்கினால் போதும் என்று தெரிந்த புருஷனாக இருந்தால், அவள் பயப்படவே வேண்டியதில்லை. தெரியாத புருஷன் என்பதால்தான் இந்த வழி பலிக்கும்.

ஆயுத பூசை அன்று காலை லயத்தில் இருக்கிற வேன், மோட்டார் சைக்கிள், லோரி எல்லாம் குளித்தன. முருகையாவின் வேனுக்குச் சக்கரம் கழுவுகிற வேலையை ரஞ்சிதம் கேட்டு வாங்கிக்கொண்டாள். வாளி நிறைய நுரை. குனிந்து குனிந்து நாலு வால்வின் ஊசியையும் ஒரு திருகு தளர்த்தினாள். சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு சீதா வந்தாள்.

"அண்ணே! ஓடியாங்க! சக்கரம் நுரை தள்ளுது!"

முருகையா வந்தார். முன் சக்கரத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்தது. அடுத்ததற்கு ஓடினார். அங்கேயும் அப்படித்தான். நாலாவதற்குப் போனபோது ஓடவில்லை, நடந்தார். லயமே சுற்றி நின்றது.

"எண்ணெய் பத்தல," என்றார் கடைசியில். "இன்னும் கொஞ்சம் விட்டா சரியாயிரும்."

நல்லவேளை, சீதாவுக்கு வாய் உண்டு.

"அண்ணே, இது வால்வா வடச்சட்டியா? மரியாதையா தர்மாவக் கூப்பிடுங்க. எம்புள்ளையத் தூக்கிக்கிட்டு இதுல நான் ஏறணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முருகையா போனை எடுத்தார். "கூப்பிடணும்னுதான் இருந்தேன்," என்றார், யாரும் கேட்காமலே.

மறுநாள் தர்மா லோரியில் சாமான்களோடு வந்தான். நுரை வைத்துப் பார்த்தான். குமிழ் வால்வின் வாயில் வந்தது, அடியில் வரவில்லை. ஒரு திருகில் நிற்கிற குமிழ். அவன் தலையைத் தூக்கி ரஞ்சிதத்தைப் பார்த்தான். ரஞ்சிதம் மலையைப் பார்த்தாள். மலையில் பனிதான் இருந்தது.

"நல்லவேளைண்ணே, இப்பவே பாத்தீங்க," என்றான் தர்மா.

காற்றை இறக்கி டயரைப் பிரித்தான். வால்வைக் குறட்டால் பிடித்து இழுத்தான். பாதிதான் கையோடு வந்தது. மீதி ஓட்டையிலேயே நின்றது, மென்று துப்பிய வெற்றிலை மாதிரி.

"பாரத்தோட இன்னும் நாலு தடவ இறங்கியிருந்தா..." என்று ஆரம்பித்தவன், ரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். இத்தனை நாளும், நாம்தான் வீணாகப் பயப்படுகிறோம் என்று ஒரு நம்பிக்கை அவளுக்கு மிச்சம் இருந்தது. அது போய்விட்டது.

தர்மா ரிம்மின் ஓட்டையை அளந்து, அதற்கேற்ற இரும்பு வால்வை எடுத்து, வளையம் போட்டு, நட்டை இறுக்கினான். காற்றடித்து நுரை வைத்தான். நாலு சக்கரத்திலும் ஒரு குமிழ் இல்லை.

சாயங்காலத்துக்குள் கதை வேறாகிவிட்டது. "நுரையப் பாத்ததுமே எனக்குத் தட்டிருச்சு. எல்லாரையும் காப்பாத்தினது இந்தக் கண்ணு," என்று முருகையா கடையில் சொன்னார். ஒருத்தர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். சீதாவே ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். அவர் அதையும் சாப்பிட்டார்.

"இதுக்கெல்லாம் ஆம்பளக் கண்ணு வேணும்டி," என்றார் இலையில் உட்கார்ந்து.

ரஞ்சிதம் ரசம் ஊற்றினாள். வேறு எதை ஊற்ற முடியும்?

கல்யாணத்தன்று காலையில் பெண்கள் எல்லோரும் பெரிய ரோட்டுச் சிம்பாங் முச்சந்தியில் கூடினார்கள். தாப்பா பஸ்ஸும் அந்த வழியாகத்தான் வரும். பட்டுச் சேலையும் தட்டும் பூவும் ஸ்வெட்டருமாகப் பன்னிரண்டு பேர். வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, சூடம் காட்டிவிட்டு, முருகையா சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே வந்தார்.

"பயப்படாம ஏறுங்க. வால்வு எல்லாம் நான் பாத்தாச்சு. நேத்து பிரேக்கையும் நானே பாத்துட்டேன். ரொம்ப இறுக்கமாப் புடிச்சுது. கொஞ்சம் தளத்தி விட்டிருக்கேன். இனிமே வண்டி வழுக்கிக்கிட்டுப் போகும் பாருங்க."

ரஞ்சிதத்தின் ஒரு கால் வேன் படியில் இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

பனிக்குள்ளிருந்து பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. முருகையா நாலாவது சக்கரத்தடியில் குனிந்திருந்தார். ரஞ்சிதம் வேனின் முன் ஜன்னலுக்குள் கையை விட்டாள், எடுத்தாள், நடுரோட்டில் போய் நின்று பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள்.

"எல்லாம் இதுல ஏறுங்கடி," என்றாள்.

அவள் அப்படி யாரையும் அதட்டி அவர்கள் கேட்டதில்லை. அதனாலோ என்னவோ, ஒருத்திகூட ஏனென்று கேட்கவில்லை. சீதா குழந்தையோடு முதலில் ஏறினாள். முருகையா நிமிர்ந்து பார்ப்பதற்குள் பஸ் கதவு மூடிக்கொண்டது. ரஞ்சிதம் தர்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி முடித்தாள். பஸ் மூன்றாவது வளைவில் திரும்பும்போது அவள் போன் அடித்தது.

"ஏய்! என்ன கூத்துடி இது? நான் பின்னால வர்றேன். சாவியக் காணோம். பாத்தியா?"

ரஞ்சிதம் ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்தாள்.

"எம் பையிலதான் இருக்கு, தேடாதீங்க," என்றாள். "தர்மா வந்து பிரேக்கப் பாக்கட்டும். ராத்திரி மிஞ்சின சோறு சட்டியில இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க."