துருத்தட்டி சிவபாண்டி

பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களில் வயலைப் பார்ப்பவர்கள் உண்டு, செல்போனைப் பார்ப்பவர்கள் உண்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்களும் உண்டு. இவர்கள் எவரோடும் சேராத ஒருவர், சீமைக்கருவேல முள்ளுக்குள்ளும் செங்கல் சூளைக்குப் பின்னாலும் கண்மாய்க் கரையோரத்திலும் எதையோ தேடிக்கொண்டே வருவார். திடீரென்று எழுந்து கழுத்து சுளுக்கும்படி பின்னால் திரும்பிப் பார்ப்பார். தொலைந்த ஆட்டைத் தேடுகிறார் என்று நினைத்து இரக்கப்படாதீர்கள். அவர் கண்டது நாற்பது வருஷமாக நகராத ஒரு ஜீப்பின் மூக்கை. இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் துருத்தட்டி.

ஏன் தட்டி? கைவிடப்பட்ட வண்டியைக் கண்டதும் துருத்தட்டி அதன் இன்ஜின் மூடியை இரண்டு விரலால் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். நகர்ந்து இன்னோர் இடத்தில் தட்டுவார். தர்ப்பூசணி வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு யோசிப்பதில்லை. இன்ஜின் இருந்த இடத்தில் அரணை குடியிருக்கும், சீட்டு இருந்த இடத்தில் ஆவாரை பூத்திருக்கும், நான்கு சக்கரங்களில் ஒன்று எவர் வீட்டுத் தோட்டத்திலோ கோழிக்குத் தண்ணீர்த் தொட்டியாகியிருக்கும். அத்தனையையும் பார்த்துவிட்டு, "சின்ன வேலைதான்" என்பார். ஆறு வருஷம் ஆகும் என்று அதற்குப் பொருள்.

வண்டியூர் சிவபாண்டி இந்த இனத்தின் சுத்தமான வாரிசு. சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் குடம் மொத்த வியாபாரம். வீட்டு வாசலில் மூன்று ஜீப்புகள். அவர் மனைவி தமிழ்ச்செல்வி அவற்றுக்கு நடுவில் கொடி கட்டித் துணி காயப்போடுவார். ஜீப்புகளால் அந்த வீட்டுக்கு விளைந்த ஒரே பயன் அதுதான்.

சென்ற தையில் சிவபாண்டியின் தங்கை சுபலட்சுமி தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தார். வாடிப்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயில், பத்தரை மணி வரை நல்ல நேரம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மாமன் நேரத்துக்கு வரவில்லை என்றால்? அதற்கும் ஆள் இருந்தது. சிவபாண்டியின் சித்தப்பா மகன் முத்துப்பாண்டி, அவரும் ஒரு முறைக்கு மாமன்தானே, விடிந்ததும் வாடகை ஏசி காரில் வந்து இறங்கி, காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேட்டியை நீவி மடியைத் தயாராக வைத்திருந்தார். அந்த மடியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் சிவபாண்டி செத்த பிறகும் ஊர் அதைச் சொல்லிக் காட்டும்.

புத்தியுள்ள மாமன் பஸ் ஏறியிருப்பார். நம்மவரோ சீரைத் தன் ஜீப்பில்தான் கொண்டுபோவேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லித் தொலைத்திருந்தார். மெக்கானிக் சேக் இஸ்மாயில் இரண்டு மாதம் சோறு தண்ணி மறந்து வேலை பார்த்து, மூன்றில் ஒரு ஜீப்புக்கு உயிர் கொடுத்தார். செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. தெருக்காரர்கள் எட்டுப் பேர் தெப்பக்குளம் வரை தள்ளிய பிறகு வண்டி இருமி, புகைந்து, கிளம்பியது. இஸ்மாயில் கூடவே ஓடிவந்து ஒன்றே ஒன்றைச் சொன்னார்.

"அண்ணே, கோயில் வாசல் போற வரைக்கும் சாவியத் தொட்றாதீங்க. ஆஃப் பண்ணீங்க, அம்புட்டுதான்."

தொடவில்லை. சமயநல்லூர் தாண்டும் வரை தொடவே இல்லை. முன்சீட்டில் தமிழ்ச்செல்வி பட்டுப்புடவையோடு, பின்னால் பதினொரு தட்டு சீரோடு, மணி ஒன்பதுக்குக் கோயிலுக்குத் திரும்பும் மண்பாதையையும் பிடித்துவிட்டார்கள். அங்கேதான், பாதையோர முள்ளுக்குள், சிவபாண்டி அதைக் கண்டார்.

ஜீப் அல்ல. கதவும் கூரையும் இல்லாமல், குட்டை உடம்பும் கொழுத்த சக்கரமுமாக, கடற்கரை மணலில் ஓட்டுகிற குட்டி வண்டி. கடலே இல்லாத சீமைக்கு எந்தப் புண்ணியவான் கொண்டுவந்தானோ, இப்போது அதில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. சிவபாண்டி ஜீப்பை ஓரங்கட்டினார், சாவியைத் தொடாமல். அதுவரை புத்தி இருந்தது. இறங்கிப் போய்த் தட்டினார். காதைச் சாய்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்குமா? பக்கத்தில் அவருடைய ஜீப் அல்லவா உறுமிக்கொண்டிருக்கிறது! துரு பேசுவது எப்படிக் கேட்கும்? எரிச்சலோடு திரும்பி வந்தார், சாவியைத் திருகி ஜீப்பை அணைத்தார், நிம்மதியாகப் போய் மறுபடி தட்டினார். மூன்றாவது தட்டில்தான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது.

மண்ணில் சக்கரம் புதைந்திருந்தது. தள்ளுவதற்கு எட்டுப் பேரும் இல்லை, பட்டுப்புடவை ஒன்றுதான் இருந்தது. கோயிலோ ஐந்து கிலோமீட்டர். தமிழ்ச்செல்வி கத்தவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டு, போனைக் கணவரிடம் நீட்டினார். சிவபாண்டி போனை வாங்கினார். முத்துப்பாண்டி மடியிலேயே வைத்துக் குத்திவிடச் சொல்லத்தான் நினைத்தார், அழுகைதான் வந்தது.

"அழுகாதண்ணே," என்றார் சுபலட்சுமி. "ஆட்டோ வந்து ஒன்னைய ஏத்திட்டுத் திரும்புறதுக்குள்ள நேரம் போயிரும். நீ அங்கனயே இரு. மடி இருக்க எடத்துக்கு நாங்க வாரோம்."

பத்தேகாலுக்கு லோடு ஆட்டோ ஒன்றில் தங்கை, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை, ஊசியோடு ஆசாரி, வேடிக்கை பார்க்க முத்துப்பாண்டி என்று எல்லோரும் வந்து இறங்கினார்கள். ஜீப்பின் சீட்டு வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. நிழலில் இருந்த இருக்கை ஒன்றே ஒன்றுதான். கோழிகளை விரட்டிவிட்டு, கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சிவபாண்டி அந்த மணல்வண்டியில் உட்கார்ந்து மருமகளை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது. ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை அழவில்லை. மறு காதையும் குத்தினார். ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்தது. பெருமையிலும் பாசத்திலும் சிவபாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

எல்லாம் முடிந்து கீழே இறக்கியதும்தான் பிள்ளை வீறிட்டு அழுதது. மிட்டாய் கொடுத்தார்கள், நிற்கவில்லை. வண்டியை நோக்கிக் கையை நீட்டி, மூடியின் மேல் இரண்டு விரலால் தட்டியது. காதைச் சாய்த்தது. பிறகு அழுகையை நிறுத்திவிட்டது.

சுபலட்சுமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "அண்ணே, எம்பிள்ளைக்கும் ஒட்டிருச்சே."

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நல்லது. ஆனால் அந்த மணல்வண்டியில் இன்ஜின் இருந்ததா, இல்லையா என்று நான் சொல்லவே இல்லை. அதைக் கவனிக்காதவர்கள் நலமாக இருங்கள். "கதை கிடக்கட்டும், இன்ஜின் இருந்ததா?" என்று இவ்வளவு நேரமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், வீட்டில் உள்ளவர்களிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.