ஒரே விடியலில் இரண்டு பாய்கள்

ஃபாலேதாய், சவாயீ தீவு
செவ்வாய்க்கிழமை

ஆக்லாந்தில் இருந்தாலும் எங்கள் மாலை ஜெபத்தில் ஒருநாளும் விட்டுப்போகாத தியாலே அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் ஃபிலேமு பணிந்து எழுதுவது.

ஆண்டவர் காப்பதால் இங்கே எல்லோரும் சுகம், பன்றிகளும் சுகம். அங்கே குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது, அதனால்தான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். தாளில் அந்த நாலு பேர் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் அண்ணன் பெடேலோ சேப்பங்கிழங்கு ஏற்றிய வண்டியைப் பின்னால் எடுத்தான். ஊரின் மறுகோடிக் குடும்பத் தலைவர் மாசோயே அந்த வழியே போனவர், தானாகவே வந்து பின்னால் நின்று, "வா, வா, இன்னும் வா, நிறைய இடம் இருக்குடா" என்று கை காட்டினார். அண்ணன் பெரியவர் சொல்லைத் தட்டாதவன், வந்தான். மாசோயேயின் வலது கால் உடைந்தது. அன்று சாயங்காலமே அவருடைய மகன்கள் எங்கள் வீட்டின் மேல் கல்லெறிந்தார்கள், ஒரு கல் பெரியப்பா லஃபாயேலேயின் நெற்றியைப் பிளந்தது. போலீஸ் இரண்டு பக்கமும் வழக்கு எழுதியது. திங்கட்கிழமை நீதிமன்றம். "மன்னிப்புப் பாய் ஏற்கப்பட்டதா?" என்று நீதிபதி கேட்பார், இல்லை என்றால் பெடேலோவுக்குச் சிறைதான் என்றார்கள். அம்மா அன்றிலிருந்து சோறு தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நாள், அதனால் அவர்கள் வாசலில் பாயைப் போர்த்தி மண்டியிடச் சனிக்கிழமை விடியல் ஒன்றுதான் மிச்சம். இப்படிப் போவதை முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் கிடையாதே, ஆகவே யாருக்கும் சொல்லவில்லை. ஊர் கண்ணில் படக்கூடாது என்று கடற்கரை வழியாகச் சுற்றி, விறகும் அடுப்புக் கல்லும் சுமந்து, மாசோயே வீட்டு முற்றத்தில் மண்டியிட்டோம். எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி என்று அர்த்தம். பெரியப்பாவும் பெடேலோவும் முன்னால் பாய்க்குள், நாங்கள் பின்னால் தலை குனிந்து. அந்த வீட்டார் வந்து பாயைத் தூக்கினால்தானே மன்னிப்பு. எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியப்பாவின் உள்ளங்கால் மட்டும்.

வீட்டில் ஓசையே இல்லை. தட்டிகள் எல்லாம் இறக்கியிருந்தன. சூரியன் வந்தது. சேவல் வந்து விறகின் மேல் ஏறி நின்றது. மாசோயேயின் நாய் அப்பாவின் காதை நக்கியது, அப்பா அசையவில்லை. "ரொம்பக் கோவமா இருக்காங்க போல" என்று பாய்க்குள்ளிருந்து பெடேலோ முனகினான். "வாயை மூடு. கோவம் இருந்தாத்தான் மன்னிப்புக்கு மரியாதை" என்றார் பெரியப்பா. முதுகு வெந்தது. கதவு இல்லை, பூட்டு இல்லை, காவல் இல்லை, ஆனாலும் ஒருவர்கூட எழவில்லை, அத்தை. எங்களைப் பிடித்து வைத்திருப்பது எது என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்போதுதான் ரொட்டி வாங்கிக்கொண்டு சலோமே அக்கா அந்த வழியே வந்தாள். "அட பாவிகளா, யாரைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டிருக்கீங்க? அவங்க எல்லாரும் உங்க வீட்டு முத்தத்துல மண்டி போட்டிருக்காங்களே! கல்லெறிஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்க, விடியறதுக்கு முன்னாடியே தள்ளுவண்டியில மாசோயேயை வச்சு ரோட்டு வழியா தள்ளிக்கிட்டுப் போனாங்க."

"அப்படின்னா எழுந்து வரச் சொல்லு" என்றார் பெரியப்பா.

"நீங்க எழுந்து போங்க."

"பாயைத் தூக்காம எப்படி எழுந்திருக்கிறது? அப்புறம் அது மன்னிப்பா, உடற்பயிற்சியா?"

சலோமே அக்கா ரொட்டியோடு ஓடினாள், திரும்பி வந்தாள். "அவரும் அதையேதான் சொல்றாரு. உங்க தலை முதல்ல வெளிய வரட்டுமாம்." மறுபடி ஓடினாள். மூன்றாம் தடவை வந்தபோது ரொட்டியில் பாதியைத் தின்றிருந்தாள். வழியில் அகப்பட்ட போலீஸ்காரரையும் இழுத்து வந்திருந்தாள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இதுல யாரு குற்றவாளி, யாரு வாதி? எங்க பயிற்சியில இது வரலையேம்மா" என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு அவரும் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"மாசோயே வெயில்ல ஆடுறாரு" என்றாள் சலோமே அக்கா. "மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கிட்டு. விழுந்தாருன்னா அதுக்கு ஒரு வழக்கு."

"ஃபிலேமு" என்று பாய்க்குள்ளிருந்து பெடேலோ அழுகிற குரலில் கூப்பிட்டான், "நான் ஜெயிலுக்குப் போயிடுவேன்டி."

நான் எழுந்தேன். கால் மரத்துப்போய் விறகுக் கட்டின் மேலேயே விழுந்தேன். "எவ அது?" என்றார் பெரியப்பா. பதில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் ஓடிவிட்டேன்.

எங்கள் முற்றம் நிறைய மாசோயே குடும்பம். அன்று ஊளையிட்டுக் கல்லெறிந்த அந்தத் தடியன்கள் மண்ணில் நெற்றி பட, கழுத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தார்கள். அத்தை, அப்படி ஒரு மௌனத்தைக் கோவிலில்கூட நான் கண்டதில்லை. என்னைப் போன்ற ஒருத்தி முன்னால் அத்தனை கழுத்துகள். பாயின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினேன். பட்டுத்துணியைவிட மெல்லியது, ஆனால் ஒரு வீட்டையே தூக்குவது போலக் கனத்தது.

உள்ளே மாசோயே வியர்வையிலும் கண்ணீரிலும் நனைந்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "பெரியவங்க யாரும் இல்லையா?"

"அவங்க உங்க வீட்டுல குனிஞ்சிருக்காங்க" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வண்டியை 'வா வா'ன்னு கூப்பிட்டதே நான்தான். பையன் மேல என்ன தப்பு? தள்ளுங்கடா என்னை" என்றார். மகன்கள் நால்வரும் தள்ளுவண்டியைத் தங்கள் முற்றத்துக்கு ஓட்டமாக ஓட்டினார்கள். அவர் வண்டியில் இருந்தபடியே எட்டி எங்கள் பாயைத் தூக்கினார். பெரியப்பாவும் அவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். போலீஸ்காரரும் அழுதார்.

திங்கட்கிழமை நீதிபதி, "யார் கேட்டது, யார் மன்னித்தது?" என்றார். "ரெண்டு பேரும் ரெண்டும்தான், அம்மா" என்றார் பெரியப்பா. அந்த நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு பக்கமும் எச்சரித்து அனுப்பிவிட்டார். மாசோயே கொடுத்த பாயைப் பெரியப்பா பெருந்தன்மையாகப் போதகருக்குக் கொடுத்தார். எங்கள் பாய் மாசோயே வீட்டுக் கூரைக்குக் கீழே, எல்லோரும் பார்க்கும்படி தொங்குகிறது. இப்போது இந்த ஊரில் நம் குடும்பம் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.

மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்கள். ஆண்டவரின் கை உங்கள் கூரை மேல் இருக்கட்டும்.

அடக்கமான மகள்,
ஃபிலேமு

பி.கு.: உங்கள் மகள் கல்யாணத்துக்கென்று எங்கள் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் போனீர்களே, அந்தப் பாய்தான் இப்போது மாசோயே வீட்டில் தொங்குவது. பூட்டை உடைத்தது அப்பா. ஃபிலேமு எழுதினால் உங்களுக்குக் கோபம் வராது என்று சொன்னது பெரியப்பா. நீங்கள் வரும் அன்று விமான நிலையத்தில் எல்லோரும் மண்டியிடத் தயாராக இருக்கிறோம். ஆனால் மூடிக்கொள்ள வீட்டில் வேறு பாய் இல்லை. தயவுசெய்து வரும்போது ஒன்று வாங்கி வரவும்.