பின்னறையில் ஒரு வில்லங்கம்

திருவள்ளூர்,
22-3-1976

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமா ஆதிநாராயணன் அவர்களுக்கு, மாப்பிள்ளை பூவராகவன் இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் தங்கள் மகள் ரத்னா, பிள்ளைகள் இருவர், நான் ஆகிய நால்வரும் சுகம். என் வலது கால் கட்டைவிரல் மட்டும் முக்கால் சுகம். பொன்னேரியில் தங்கள் முழங்காலும் சிவப்புப் பசுவும் எப்படி இருக்கின்றன என்று ரத்னா விசாரிக்கச் சொன்னாள்.

நிற்க. வீடு வாங்கியாகிவிட்டது. போன வியாழக்கிழமை, தாங்கள் சொன்னபடியே ரத்னா பேரில் ரிஜிஸ்தர் ஆகிவிட்டது. இந்த வரியோடு தாங்கள் சந்தோஷப்பட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தாங்கள் எந்தக் காகிதத்தையும் கடைசி வரை படித்து, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கிறவர். ஆகவே நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். படிக்கும்போது பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளவும்.

வில்லங்கம் பார்க்காமல் ஒரு செங்கல்கூட வாங்கக் கூடாது என்று தாங்கள் நாலு கார்டு போட்டீர்கள். நானும் அதே பயத்தோடு, வீட்டின் மேல் அடமானமோ வழக்கோ வேறு யாருக்காவது பாத்தியதையோ தொத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, பத்திரம் எழுதும் முனுசாமியைப் பிடித்தேன். அவர் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் உடைந்து நூல் கட்டியிருந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். அவர் மனு எழுதிக் கொடுத்து, பத்து நாளில் சான்று வந்தது. பிரித்துப் பார்த்தால் வீட்டின் மேல் இரண்டு அடமானம்! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறி, கம்பெனியில் டைம் கீப்பர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டை விற்கிற லோகநாதன் வாசலில் போய் நின்று, நடுத்தெருவில், "மோசக்காரா, வெளியே வாடா" என்று கூப்பிட்டேன். தெருவே வந்தது. லோகநாதன் கடைசியாக வந்தார். காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"இன்னா சார், கதவு நம்பரு பதினேழுன்னு போட்டுக்கீது. என் ஊடு நாப்பத்தி ரெண்டாச்சே?"

பதினேழு யாருடைய நம்பர் என்று தங்களுக்குத் தெரியும். நாங்கள் குடியிருக்கிற வாடகை வீடு. வாங்கும் வீட்டின் விலாசம் எழுத வேண்டிய இடத்தில், மனு போடுகிற என்னுடைய விலாசத்தை முனுசாமி எழுதிவிட்டார். இரண்டு அடமானமும் எங்கள் வீட்டுக்காரர் வைத்தது. அவர் இதுவரை சொந்த மனைவியிடம்கூடச் சொல்லாத சங்கதி அது. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா பூவராகவா, என் ஊட்ல குந்திக்கினு என் ஊட்டுக்கே வில்லங்கம் போட்டுப் பாக்குறியா? பங்குனி பத்துக்குள்ள காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு!"

இப்படியாக, வீடு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன் வாங்கியே தீர வேண்டியவன் ஆனேன். இரண்டாவது மனுவை என் கையாலேயே எழுதினேன். பதின்மூன்று வருஷத்துக்கு வில்லங்கம் ஏதும் இல்லை என்று வந்தது. ரத்னா கேசரி கிளறினாள். கேசரி ஆறுவதற்குள் தங்களுடைய ஐந்தாவது கார்டு வந்தது: "பதின்மூன்று போதாது. முப்பது வருஷம் பார்க்கவும்." மாமா, அன்றைக்கு நான் மனசுக்குள் தங்களை ஒரு வார்த்தை சொன்னேன். அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

முப்பது வருஷத்துக்குப் பார்த்ததில், 1949-ல் ஒரு செட்டில்மெண்ட் பத்திரம் அகப்பட்டது. லோகநாதனின் தகப்பனார் வீட்டை மகனுக்கு எழுதிவைக்கும்போது, இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்த தன் தங்கை அஞ்சம்மாளுக்கு, அந்த வீட்டின் பின்னறையில் ஆயுள் உள்ள வரைக்கும் குடியிருக்கும் பாத்தியதையும், கிணற்றில் நீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியதையும் சேர்த்தே எழுதியிருந்தார். வீட்டை யார் வாங்கினாலும் அந்த அம்மாளையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். லோகநாதனைக் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அத்தை எப்பவோ பூட்டாங்க சார்" என்றார். எங்கே என்றேன். மேலே கையைக் காட்டினார். அப்படியானால் மரணச் சான்று கொடுங்கள் என்றதும், மேலே காட்டிய கை மெதுவாக வடக்கே இறங்கியது.

"கும்மிடிப்பூண்டியில இட்லிக் கடை வெச்சிக்கினு கீது."

அவருக்குக் கல்யாணம் ஆன வருஷம், அத்தைக்கும் புதுப்பெண்ணுக்கும் ஒத்துவரவில்லையாம். உனக்கு இங்கே ஒன்றும் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பத்திரத்தில் தன் பெயர் இருப்பதும் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. இதையெல்லாம் சொல்லிவிட்டு, லோகநாதன் என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். முனுசாமி எழுதிய விடுதலைப் பத்திரம். பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அஞ்சம்மாள் சொல்வதாக அதில் இருந்தது. "ரேஷன் கார்டுன்னு சொல்லி ஒரு கைநாட்டு வாங்கிக்கினு வந்துடு சார். மீதிய ஆபீஸ்ல நான் பாத்துக்குறேன்" என்றார். மாமா, நான் நல்லவன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் பங்குனி பத்து கண்ணுக்கு முன்னால் நின்றது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். ரத்னாவிடம் சொல்லவில்லை.

நான் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை பார்த்து சோழவரத்தில் மோட்டார் ரேஸ். செங்குன்றம் தாண்டியதும் பஸ் நின்றது நின்றதுதான். பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரே ஜன்னலுக்குப் பாய்ந்ததில் ஒரு பெரிய மனிதர் என் கட்டைவிரல் மேல் ஏறி நின்று ரேஸ் பார்த்தார். தச்சூர் கூட்டு ரோடு வரைக்கும் வந்தும் பொன்னேரிக்கு வந்து தங்களைப் பார்க்காததற்கு மன்னிக்க வேண்டும். பையில் இருந்த காகிதத்தோடு தங்கள் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் புதுக் கம்பெனிகள் எழும்புகிற பக்கம், தகரக் கூரை போட்ட கடை. கட்டட வேலைக்காரர்கள் நாற்பது பேருக்கு ஒரே ஆளாக இட்லி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் அஞ்சம்மாள். அறுபதைத் தாண்டியவர் என்று சொல்ல முடியாது. அதட்டுகிற குரல் ரயில் ஊதுகிற மாதிரி இருந்தது. நான் பதற்றத்தில், "அம்மா, நீங்க உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன், செத்தவ அவிச்ச இட்லி மாதிரியா கீது?" என்றார். கடை முழுக்கச் சிரித்தது.

நொண்டி நடப்பதைப் பார்த்து உட்காரவைத்து, விரலுக்கு மஞ்சள் குழைத்துப் போட்டு, ஏழு இட்லி வைத்தார். காசு கொடுத்தேன், அடிபட்டவனிடம் வாங்க மாட்டேன் என்றார். நான் திருவள்ளூர், லோகநாதனுக்குத் தெரிந்தவன் என்று சொன்னதும், கரண்டியைக் கீழே வைத்தார்.

"லோகு நல்லா கீறானா? அவனுக்குக் கொயந்தையில மாந்தம் வரும். நான்தான் தூக்கிக்கினு அலைவேன்."

அப்புறம், நான் பையிலிருந்து காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்து ரேஷன் கார்டு என்று இழுத்ததும், "இன்னா பேப்பரு அது? ரேஷன் கார்டா? குடு நைனா" என்று அவராகவே மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்திவிட்டார். மை சொட்டுகிற விரல் காகிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே வந்துவிட்டது. அந்த விரலில் என் கால் மஞ்சளும் ஒட்டியிருந்தது. எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, காகிதத்தைப் பிடுங்கிச் சுருட்டி அடுப்பில் போட்டுவிட்டேன். அது எரிகிற வெளிச்சத்திலேயே அவ்வளவையும் சொல்லிவிட்டேன்; பத்திரம், பின்னறை, கிணறு, என் பங்குனி பத்து எல்லாம்.

அவர் அடுப்பிலிருந்து இட்லிப் பானையை இறக்கி வைத்தார். கடைசியில், "எங்க அண்ணன் எனக்கு எய்திவெச்சாரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "நான்தான் அவரு என்னை மறந்துட்டாருன்னு இத்தினி வருசமும் அவரைத் திட்டிக்கினு இருந்தேன்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். விரல் மை கன்னத்தில் ஏறிவிட்டது. உடனே எழுந்து, "டேய், தின்னவன்லாம் எந்திரிங்கடா, கடை மூடுறேன்" என்று ஒரு சத்தம். அடுத்த பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

திருவள்ளூரில் அவரைக் கண்டதும் லோகநாதன் கிணற்றுப் பக்கம் ஓடினார். அஞ்சம்மாள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. "என் ரூம் எதுடா?" என்றார். அதில் விறகு அடைத்திருந்தது. ஒவ்வொரு கட்டையாக எடுத்து வெளியே போட ஆரம்பித்தார். நாலு கட்டை போட்டதும் லோகநாதன் வந்து, ஐந்தாவது கட்டையை எடுத்தார். பாதி அறை காலியானபோது அவர் தோள் குலுங்கியது. "அத்தை, தப்பு பண்ணிட்டேன்" என்றார். "அதான் தெரியுதே. பூச்சி கீது, பாத்து எடு" என்றார் அஞ்சம்மாள். அந்தச் சமயத்தில்தான், என்னைத் தேடிக்கொண்டு ரத்னா வந்தாள். விஷயத்தைக் கேட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு விறகுக்குள் இறங்கினாள்.

பணம் வாங்கிக்கொண்டு பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டதற்கு, அஞ்சம்மாள் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். "துட்டு வேணாம். அண்ணன் குடுத்ததை நான் வுட மாட்டேன். நீங்க ஊட்ட வாங்கிக்கோங்க, நான் பேஜாரு பண்ண மாட்டேன்" என்றார். ரத்னா, "சரி அத்தை" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. லோகநாதன் விலையில் தானாகவே இறங்கி வந்தார். ஆகவே மாமா, தாங்கள் ஐந்து கார்டு போட்டு எச்சரித்தும், வீட்டை வில்லங்கத்தோடுதான் வாங்கியிருக்கிறேன். விறகு எடுத்த வாரத்திலிருந்தே அந்த வில்லங்கம் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் பஸ்ஸில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோருக்கும் வடைகறி செய்கிறது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கடைக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே வாசலில் நிற்கிறார்கள். இந்த ஒரே ஒரு வில்லங்கத்தைத் தவிர வீட்டின் மேல் வேறு எதுவும் கிடையாது என்று சத்தியமாகச் சொல்கிறேன். தாங்கள் கோபித்துக்கொண்டாலும் அதை ஒரு கார்டில் கோபித்துக்கொள்ளவும்.

தங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்த்து, பிள்ளைகள் இருவரும் தாத்தாவுக்கு முத்தம் அனுப்ப, பசுவுக்கும் அன்பைத் தெரிவித்து முடிக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
பூவராகவன்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் ரத்னா இதை வாங்கிப் படித்தாள். "ஒண்ணு இல்லீங்க, ரெண்டு" என்றாள். வியாழக்கிழமை ரிஜிஸ்தர் முடிந்து நான் காபி குடிக்கப் போயிருந்த நேரத்தில், தங்கள் மகள் முனுசாமியை வைத்து இன்னொரு பத்திரமும் எழுதிப் பதிந்திருக்கிறாள். முன்னறையில் அவள் தகப்பனார் ஆதிநாராயணன் அவர்களுக்கு ஆயுள் உள்ள வரைக்கும் குடியிருக்கும் பாத்தியதையாம். "அம்மா போனதிலேந்து நைனா தனியா பொங்கித் தின்னுக்கினு கீறாரு. கூப்ட்டா, மாப்பிள்ளை ஊட்ல வந்து குந்த மாட்டேன்றாரு. இப்ப அது மாப்பிள்ளை ஊடு இல்ல, அவரு பாத்தியதை. வேணும்னா வில்லங்கம் போட்டுப் பாத்துக்கச் சொல்லுங்க" என்கிறாள். முப்பது வருஷத்தைப் பார்த்த நான், நாலு நாளைக்கு முந்தினதைப் பார்க்கவில்லை. மேலே "ஒரே ஒரு" என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து அடித்துவிட்டு, இரண்டாவது வில்லங்கம் எந்த பஸ்ஸில் வருகிறது என்று ஒரு கார்டு போடவும்.