குகதாசன் டெக்கைப் பூசைக்கு வைத்த கதை

குகதாசனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. மூக்கையும் தாண்டிவிட்டால் வாய் திறக்கும். அதற்குப் பிறகு லண்டன் குட்மேய்ஸில் அந்தத் தெருவே யன்னலைச் சாத்தும். அன்றைக்குச் சனிக்கிழமை, காலைத் தேத்தண்ணி ஆறுவதற்கு முன்னமே மூன்றும் நடந்து முடிந்துவிட்டன.

எல்லாம் பெண்சாதி கனகாம்பிகை சொன்ன ஒரு வசனத்தால் வந்தது.

“நாளைக்குப் பின்னேரம் ஏழு மணிக்கு வீடியோ டெக்கிலை புதுப்படம் போடுறம். அடுத்த தெரு றோஸ்மலரும் மற்றப் பெண்டுகளும் வருகினம். நீங்கள் மேலை அறைக்குள்ளை போய் இருந்து பேப்பரைப் படியுங்கோ.”

நாளைக்கா! ஞாயிற்றுக்கிழமையா! எட்டு மணிக்கு டிவியில் அந்தக் கொலைக் கதையின் கடைசிப் பகுதி அல்லவா!

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லண்டனில் குகதாசனுக்குப் பிடித்தது ஒரேயொரு காலம்தான், இலை விழுகிற காலம். கோடையில் வெள்ளைக்காரன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் கிடப்பான். டிவிக்காரனும் அவனுக்குப் பக்கத்தில் போய்க் கிடப்பான்போல. போன வருசத்துப் பழசையே திருப்பித் திருப்பிப் போடுவான். ஒக்டோபர் பிறந்தால்தான் புதுத் தொடர், புதுப் படம். வெளியே நேரத்தோடேயே இருட்டு. உள்ளே காஸ் ஹீற்றர், முழங்காலுக்கு மேலே கம்பளி, இஞ்சித் தேத்தண்ணி, சுடச்சுட வாட்டிய செஸ்ட்நட் கொட்டை, கண்ணுக்கு முன்னால் ஒரு கொலை. இதைவிட ஒரு மனுசனுக்கு வேறு என்ன வேண்டும்?

இந்த வருசத்துக் கொலை, கொலைகளிலேயே உயர்ந்த ரகக் கொலை. அப்பிள் பிடுங்கும் நாளில் பணக்காரக் கிழவி ஒருத்தி தன் தோட்டத்திலேயே செத்துக் கிடக்கிறாள். கொன்றது தம்பிக்காரனா, டொக்டரா, நர்ஸா, தோட்டக்காரனா? மூன்று ஞாயிறு ஓடுகிற கதை. முதல் ஞாயிறு றோஸ்மலருக்குக் காய்ச்சல், அதனால் டெக்கில் படம் இல்லை. அடுத்த ஞாயிறு பெண்டுகள் எல்லாம் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் புண்ணியத்தில் இரண்டு பகுதியையும் குகதாசன் நிம்மதியாகப் பார்த்தார். பார்த்ததோடு நின்றாரா? “டொக்டர்தான் கொலைகாரன். இல்லையெண்டால் என்ரை பேரை மாத்துறன்!” என்று தான் வேலை செய்கிற பிஸ்கட் ஃபாக்டரி கன்ரீனில் மேசையில் அடித்துச் சொல்லிவிட்டு வந்தார். கன்ரீனே சிரித்தது. இப்போது விசயம் கொலை அல்ல, மானம்.

“இது ஆற்றை வீடு?” என்று கத்தினார் குகதாசன்.

“எங்கடை வீடு.”

“ஆற்றை டிவி?”

“எங்கடை டிவி.”

“அப்ப எனக்கு ஒரு மணித்தியாலம் தாருமன்! எட்டிலையிருந்து ஒன்பது!”

“படத்தை நடுவிலை நிப்பாட்டிப்போட்டு, அழுதுகொண்டிருக்கிற பெண்டுகளுக்கு உங்கடை செத்த கிழவியைக் காட்டுறதோ? நல்ல கதை. இலை நிறம் மாறேக்கை அந்தப் பெரிய பூங்காவுக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு நானும் வருசா வருசம் கேக்கிறன். கூட்டிக்கொண்டு போனீங்களோ?”

“விழுற இலையைப் பாக்க விசரன்தான் போவான்!”

“கொலை பாக்க ஆர் போறது?”

குகதாசனுக்குக் காது எரிந்தது. என்ன கோதாரி இது! உழைத்துக் களைத்து வருகிற ஒரு மனுசன் தன் வீட்டில் ஒரு கொலையை நிம்மதியாகப் பார்க்க ஏலாதா? இந்த அநியாயத்துக்கு ஒரு முடிவு கட்டியே தீருவது என்று அவர் பல்லை நெருமிக்கொண்டு மாடிப்படியில் குந்தினார். அங்கேதான் அந்த யோசனை வந்தது.

அன்று பின்னேரம் சரஸ்வதி பூசைக்குப் பொருள் வைக்கிற நேரம். புத்தகமோ, வீணையோ, தொழில் செய்கிற ஆயுதமோ, சரஸ்வதிக்கு முன்னால் வைத்துச் சந்தனப்பொட்டு வைத்துவிட்டால் விசயதசமி வரை ஒருத்தரும் அதைத் தொடக் கூடாது. விசயதசமி செவ்வாய்க்கிழமை. நடுவில் வருகிறது ஞாயிறு. குகதாசனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

பின்னேரம் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு முன் அறைக்கு வந்தார். டிவிக்குக் கீழே இருந்த டெக்கின் வயர்களைக் கழற்றி, குழந்தைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினார். புதுப்படக் கசெற்றைக் கொடுத்துவிட்டுப் போக வந்த றோஸ்மலர் வாசலிலேயே நின்றுவிட்டாள். கனகாம்பிகை குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னப்பா இது?”

“டெக். பூசைக்கு வைக்கப் போறன்.”

“டெக்கையோ?”

“ஓம். நீர் படம் பாக்கிறது கலையோ இல்லையோ?”

“கலைதான்.”

“கலை எல்லாம் ஆற்றை? சரஸ்வதியின்ரை. அந்தக் கலைக்கு எங்கடை வீட்டிலை ஆயுதம் எது? இதுதான். தச்சன் உளியை வைக்கிறான், வாத்தியார் புத்தகத்தை வைக்கிறார், நாங்கள் டெக்கை வைப்பம். செவ்வாய்க்கிழமை எடுப்பம். அதுவரைக்கும் ஒருத்தரும் விரலும் வைக்கப்படாது!”

கனகாம்பிகை சண்டைக்கு வரவில்லை. அவள் சிரித்தாள். குகதாசன் அந்த நிமிசமே பயந்திருக்க வேண்டும். வென்றுவிட்ட சந்தோசத்தில் மனுசன் அதைக் கவனிக்கவில்லை.

“அருமையான யோசனை. இத்தினை வருசமா எனக்குத் தோன்றேல்லைப் பாருங்கோ,” என்றாள். “ஆனா உங்கடை வாத்தியாரை மறந்திட்டீங்களே?”

“எந்த வாத்தியார்?”

“வந்த புதிசிலை இந்தச் சனங்கள் கதைக்கிற இங்கிலீசு ஒண்டும் விளங்கேல்லை, டிவிதான் எனக்குப் படிப்பிச்சது, டிவிதான் என்ரை பள்ளிக்கூடம் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறது ஆர்?”

“ஓம் அண்ணை,” என்றாள் றோஸ்மலர். “எங்கடை வீட்டிலையும் சொன்னனீங்கள். சாப்பிடேக்கையும் சொன்னனீங்கள், கை கழுவேக்கையும் சொன்னனீங்கள்.”

“அது... அது சும்மா பேச்சுக்கு...”

“சரஸ்வதிக்கு முன்னாலை சும்மா பேச்சோ?” கனகாம்பிகை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “டிவி பாரம். நீங்கள் தூக்கி நாரி முறிய இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்க வேண்டாம். நாங்கள் சாமியை இஞ்சை கொண்டு வருவம்.”

சொல்லி வாய் மூடவில்லை, சரஸ்வதி படம் டிவிக்கு மேலே ஏறிவிட்டது. டிவியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். திரைக்கு மேலே கனகாம்பிகையின் பச்சைக் காஞ்சிபுரம். டெக் கீழே அடக்கமாக இருந்தது. முன்னால் குத்துவிளக்கு. மாட்டேன் என்று சொல்லக் குகதாசனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் தன் கள்ளம் வெளியே வரும், சாமிக்கும் ஆகாது. எல்லாக் கோபத்தையும் விழுங்கிக்கொண்டு தேவாரம் பாடினார். பாட்டா திட்டா என்று றோஸ்மலருக்கே விளங்கவில்லை.

“நாளைக்கு எங்கடை வீட்டை வாங்கோ அக்கா,” என்று போகும்போது சொன்னாள் அவள். “நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறனாங்கள் எல்லோ, எங்கடை டெக்குக்குப் பூசை இல்லை. டிவி கொஞ்சம் சின்னன். கிட்ட இருந்து பாப்பம்.”

படம் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை! டிவி இல்லாமல் போனது குகதாசனுக்குத்தான்!

ஞாயிறு மத்தியானம் அவர் கொல்லைப்புற வேலிக்கு ஓடினார். பக்கத்து வீட்டு றெஜினோல்ட் இலை கூட்டிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் இருந்து பார்க்கலாமா என்று கேட்டார் குகதாசன். றெஜினோல்ட் பாவம், நல்ல மனுசன். சட்டன் என்ற ஊரில் இருக்கிற மகளிடம் போவதாகவும், தான் அந்தக் கதையைப் பார்ப்பதே இல்லை என்றும், ஆனால் தன்னுடைய டெக்கில் நேரத்தைக் குறித்து வைத்துப் பதிந்து தருவதாகவும் சொன்னார். குகதாசனுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

ஆறரைக்கே கனகாம்பிகை வெளிக்கிட்டு நின்றாள்.

“விளக்கு எரியுது. கீழை முழுக்கக் காப்பெற் விரிப்பு. தனிய விட்டிட்டு எங்கையும் போயிடாதையுங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு மணி. குகதாசன் கம்பளியை முழங்காலில் போட்டுக்கொண்டு, சேலை கட்டின டிவிக்கு முன்னால் இருந்தார். இந்தா, இப்போது தொடங்கியிருக்கும். இந்தா, டொக்டரைப் பிடித்து விசாரிப்பார்கள். மெல்ல எழும்பிச் சேலையின் தலைப்பை நுனி விரலால் பிடித்தார். மேலே நிமிர்ந்து பார்த்தார். சரஸ்வதியும் அவரைப் பார்த்தாள். தலைப்பை விட்டுவிட்டு வந்து இருந்து, சுண்டலை வாய்க்குள் அள்ளிப் போட்டு நறநறவென்று கடித்தார்.

திங்கட்கிழமை ஃபாக்டரிக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனார். ஒருத்தன் சிரித்துக்கொண்டு கிட்ட வந்து “அந்த டொக்டர்...” என்று தொடங்கினான். குகதாசன் போட்ட சத்தத்தில் அவன் கையிலிருந்த பிஸ்கட் தட்டு கீழே விழுந்தது. “அந்தக் கதையைப் பற்றி என்னோடை ஒருத்தனும் வாய் திறக்கப்படாது!” என்று ஆடினார். அதற்குப் பிறகு அங்கே ஒருத்தனும் அவரோடு எந்தக் கதையும் வைத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை விசயதசமி. வேலையால் வந்ததும் வராததுமாகப் பூசை முடித்து, சரஸ்வதி படத்தைச் சாமியறைக்கு அனுப்பி, டெக்குக்கு வயர் கொழுவினார் குகதாசன். றெஜினோல்ட் தந்த கசெற்றை உள்ளே தள்ளினார். செஸ்ட்நட்டைக் கீறாமல் வாட்டியதில் இரண்டு வெடித்துக் கிறில் அடுப்புக்குள் சிதறின. பரவாயில்லை. கம்பளி இருக்கிறது, இஞ்சித் தேத்தண்ணி இருக்கிறது, வெளியே மழையும் தூறுகிறது. இதுதானே சொர்க்கம்! பட்டனை அமத்தப் போகையில் கனகாம்பிகை வந்து பக்கத்தில் இருந்தாள்.

“நீரும் பாக்கப் போறீரோ?”

“நான் அண்டைக்கே பாத்திட்டன்.”

குகதாசனின் கை அப்படியே நின்றது. “எங்கை?”

“றோஸ்மலர் வீட்டிலை. அந்தப் புதுப்படம் ஆரோ தியேட்டருக்குள்ளை களவா எடுத்த கொப்பியப்பா. முன் சீற்றுக்காரன்ரை தலைதான் படம் முழுக்க. எங்களுக்கு ஏலாமல் போச்சு, மற்றச் சானலைத் திருப்பினம். கிழவி கதை நல்லாத்தான் இருந்தது. ஆர் கொலை செய்தது எண்டு தெரிஞ்ச உடனை எல்லாருக்கும் திக்கெண்டிட்டுது. அது வேற ஒருத்தருமில்லை...”

“வாயை மூடும்!” குகதாசன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினார். “சொன்னீரெண்டால் நான் என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியாது!”

“சொல்லாமல் இருக்கிறது கஷ்டமப்பா. வாய் உளையுது. ஞாயிற்றுக்கிழமைப் படத்தை ஒருத்தரும் இனித் தடுக்க மாட்டினம் எண்டால் கொஞ்சம் அடக்கலாம்.”

“தடுக்கேல்லை!”

“வாற ஞாயிறு புட்டுக் கட்டிக்கொண்டு றிச்மண்ட் பூங்காவுக்கு இலை பாக்கப் போனால் இன்னும் அடக்கலாம்.”

“போவம்! காலமையே போவம்! நாசமாப் போன இலை எல்லாத்தையும் பாப்பம்!”

“அப்ப நான் சொல்லேல்லை.”

குகதாசனுக்கு நம்பிக்கை வரவில்லை. இவள் பாதிக் கதையில் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வருகிற சாட்டில் பேரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்! கையைப் பிடித்துச் சாமியறைக்கு இழுத்துக்கொண்டு போனார். கற்பூரத்தைக் கொளுத்தினார்.

“நான் சொல்லுறதைச் சொல்லி அடிச்சுச் சத்தியம் பண்ணும். கொலைகாரன்ரை பேரை நான் சொல்ல மாட்டன்.”

“சொல்ல மாட்டன்.”

“ஆர் கேட்டாலும் சொல்ல மாட்டன்.”

“ஆர் கேட்டாலும்.”

தன்னைப் பற்றியும் குகதாசனுக்குத் தெரியும். நடுவில் பொறுமை இழந்து தானே கேட்டாலும் கேட்டுவிடுவார். “என்ரை மனுசனே கேட்டாலும், காலிலை விழுந்து கேட்டாலும், சாகுமட்டும் சொல்ல மாட்டன்!”

“காலிலை விழுந்து கேட்டாலும், சாகுமட்டும் சொல்ல மாட்டன்,” என்று கனகாம்பிகை கற்பூரத்துக்கு மேலே அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டுக் கோப்பை கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு போனது தங்கமான நேரம். டொக்டர் முழித்த முழியைப் பார்த்துக் குகதாசன் தொடையில் தட்டினார். நர்ஸ் அழுதாள். தோட்டக்காரன் ஒரு சப்பாத்தை ஒளித்தான். கடைசியில் துப்பறிகிறவர் எல்லாரையும் பெரிய அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். “அன்று காலையில் தோட்டத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான்,” என்றார். விரலைத் தூக்கினார்.

கரகரவென்று திரை முழுக்கப் பூச்சி பறந்தது.

குகதாசன் டெக்கைத் தட்டினார். குத்தினார். முன்னுக்கு ஓட்டினார், பின்னுக்கு ஓட்டினார். விரலைத் தூக்குகிறார், பூச்சி பறக்கிறது. கசெற்றை இழுத்தெடுத்துக்கொண்டு மழையில் வேலிக்கு ஓடிப் போய் “றெஜினோல்ட்!” என்று அலறினார். றெஜினோல்ட் யன்னலால் எட்டிப் பார்த்தார். அன்றைக்குச் செய்தி நீண்டுபோய்க் கதை பிந்தித் தொடங்கியதாம், டெக் குறித்த நேரத்துக்கு நின்றுவிட்டதாம், மன்னிக்க வேண்டுமாம்.

நனைந்த கோழியாகக் குசினி வாசலில் வந்து நின்றார் குகதாசன். கனகாம்பிகை கடைசிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேரும்,” என்றார். அந்த வீட்டில் அவ்வளவு மெல்லிய குரலில் அவர் ஒருநாளும் பேசினதில்லை. “அந்த... கிழவியை ஆரப்பா கொலை செய்தது? டொக்டர்தானே?”

கனகாம்பிகை கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைத் துடைத்தாள். பிறகு பயபக்தியோடு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

“என்னப்பா கேக்கிறீங்கள்? சொன்னால் சாமி கண்ணைக் குத்தாதோ?”